பிரெஞ்சுச் சிற்றூரை முறையாக அறிந்துகொள்வது எப்படி: கொலோன்ஜ்-லா-ரூஜை முன்வைத்து ஒரு வழிகாட்டி

வில்லியனூரிலோ பாகூரிலோ திருநள்ளாற்றிலோ வளர்ந்தவர்களுக்குக் கொம்யூன் என்ற சொல் புதிதல்ல. பிரெஞ்சு அரசு 1880ஆம் ஆண்டு தன் இந்தியப் பகுதிகளைக் கொம்யூன்களாகப் பிரித்தது. அந்தச் சொல் கொம்யூன் பஞ்சாயத்து என்ற பெயரில் புதுச்சேரியிலும் காரைக்காலிலும் இன்றும் வழங்குகிறது. பிரான்சில் அது 1789 டிசம்பர் 14ஆம் நாள் சட்டத்தோடு பிறந்தது. அதுவரை ஒரு தேவாலயத்தைச் சுற்றி வாழ்ந்த பங்கு மக்களாக மட்டும் இருந்தவர்கள், அந்தச் சட்டத்தின்படி தங்களுக்கென ஒரு மன்றமும் மேயரும் கணக்கும் உடைய ஊராகத் தலையெடுத்தார்கள். இன்று பிரான்சில் ஏறத்தாழ 35,000 கொம்யூன்கள் இருக்கின்றன. அவற்றில் பாதிக்கு மேற்பட்டவற்றில் 500 பேர்கூட வாழவில்லை. வெர்தான் அருகே முதல் உலகப்போரில் தரைமட்டமான ஆறு ஊர்களில் ஒருவர்கூட வசிப்பதில்லை. எனினும் அவை கலைக்கப்படவில்லை, அரசு நியமிக்கும் மேயர்கள் இன்றும் அவற்றுக்கு உண்டு. ஊர் என்பது இடிந்த பிறகும் சட்டத்தின் முன் உயிரோடு இருக்கலாம் என்று ஒரு நாடு கருதுவது எனக்கு மிகுந்த மதிப்புக்குரியதாகத் தோன்றுகிறது.

இத்தகைய சிற்றூர் ஒன்றில் விடுமுறையைக் கழிக்கப் போகிறவர்களுக்கும், அங்கே குடியேற எண்ணுகிறவர்களுக்கும், முன்னோரைத் தேடிச் செல்கிறவர்களுக்கும் பயன்பட வேண்டும் என்று இதை எழுதுகிறேன். எடுத்துக்காட்டாகக் கொரேஸ் மாவட்டத்தில், பிரீவ் நகரிலிருந்து சுமார் 20 கிலோமீட்டரில் உள்ள கொலோன்ஜ்-லா-ரூஜை எடுத்துக்கொள்கிறேன். இரும்பு ஆக்சைடு கலந்த மணற்கல்லால் கட்டப்பட்டதால் சுவர், கோபுரம், வேலி என அனைத்தும் செந்நிறத்தில் இருக்கும் அவ்வூருக்குக் கோடையில் வருகிறவர்கள் மிகப் பலர். அவர்களில் பெரும்பாலோர் இரண்டு மணி நேரத்தில் படம் எடுத்துத் திரும்பிவிடுகிறார்கள். அங்கே நிலையாக வாழ்கிறவர்கள் ஏறத்தாழ 500 பேர்தான். அந்த 500 பேரின் ஊரைக் காண்பதற்கு ஒரு வரிசை உண்டு. முதலில் வரைபடம், அடுத்து பதிவேடு, அதன்பின் ஊராட்சி அலுவலகம், கடைசியாகக் கல். பலரும் கல்லிலிருந்து தொடங்குவதால்தான் எல்லாச் சிற்றூரும் ஒன்றுபோலவே இருக்கிறது என்ற எண்ணத்தோடு ஊர் திரும்புகிறார்கள்.

வீட்டிலிருந்தபடியே வரைபடம் படித்தல்

பிரான்சின் தேசிய நில அளவை நிறுவனம், காலத்தில் பின்னோக்கிச் செல்லுதல் என்று பொருள்படும் பெயரில் ஓர் இணையதளத்தை இலவசமாக நடத்துகிறது. அதில் உங்கள் ஊரின் பெயரைக் கொடுத்தால், 1950களில் விமானத்திலிருந்து எடுத்த படத்தையும் இன்றைய படத்தையும் அருகருகே வைத்துப் பார்க்கலாம். அதற்கும் முந்தைய 18ஆம் நூற்றாண்டுக் கசீனி வரைபடத்தையும் 19ஆம் நூற்றாண்டின் இராணுவ வரைபடத்தையும் பார்க்கலாம். தேவாலயத்தை நடுவில் நிறுத்திக்கொண்டு, அங்கிருந்து வெளியே செல்லும் பாதைகளில் ஏதேனும் ஒன்றை மட்டும் நான்கு காலங்களிலும் தொடர்ந்து பாருங்கள். எது வயலாக இருந்து காடானது, எந்தப் பாதை கைவிடப்பட்டது, எந்த உயிர்வேலி அழிந்து நிலங்கள் ஒன்றாயின என்பதெல்லாம் அரை மணி நேரத்தில் தெரிந்துவிடும். முழு ஊரையும் ஒரே மூச்சில் பார்க்க முயல வேண்டாம்.

அடுத்தது, நெப்போலியன் காலக் கதாஸ்தர் எனப்படும் நிலவரி வரைபடம். 1807 செப்டம்பர் 15ஆம் நாள் சட்டத்தின்படி, வரியை நேர்மையாகப் பங்கிடுவதற்காக, நாட்டின் ஒவ்வொரு நிலத்துண்டையும் அளந்து எண்ணிடும் பணி தொடங்கி ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் நடந்தது. இந்த வரைபடங்களை மாவட்ட ஆவணக் காப்பகங்கள் இணையத்தில் இலவசமாக வெளியிட்டிருக்கின்றன. கொரேஸ் மாவட்டத்துக்கான காப்பகம் துல் நகரில் இருக்கிறது. ஒவ்வொரு கொம்யூனுக்கும் முதலில் ஒரு தொகுப்புத் தாள் இருக்கும். அதில் ஊர் ஏ, பி, சி என்ற பிரிவுகளாகப் பிரிக்கப்பட்டிருக்கும். பிறகு ஒவ்வொரு பிரிவுக்கும் தனித்தனித் தாள்கள் வரும். தாளில் நீர்நிலைகள் நீலமாகவும் கட்டடங்கள் இளஞ்சிவப்பாகவும் தீட்டப்பட்டிருப்பது வழக்கம். நீங்கள் பார்க்க விரும்பும் வீட்டின் மேல் எழுதப்பட்ட எண்ணைக் குறித்துக்கொண்டு, அதோடு இணைந்த பிரிவுப் பட்டியலில் அதே எண்ணைத் தேடினால் உரிமையாளர் யார், நிலம் வீடா தோட்டமா மேய்ச்சலா, வரி மதிப்பு எவ்வளவு என்பன ஒரே வரியில் கிடைக்கும்.

இந்தப் பட்டியலில் நான் மிகவும் விரும்புவது நிலங்களின் பெயர்களை. இப்பகுதியின் பழைய பேச்சு ஒக்சித்தான் மொழியைச் சேர்ந்தது. ஆகவே வயல்களின் பெயர்களில் அம்மொழி இன்னும் வாழ்கிறது. புய் என்று தொடங்கும் பெயர் குன்றையும், கோம்ப் என்பது ஒடுங்கிய பள்ளத்தாக்கையும் குறிக்கும். திராட்சையைக் குறிக்கும் பெயருள்ள நிலத்தில் இன்று வால்நட் மரங்கள் நிற்பதைக் கண்டால், 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பிரான்சின் திராட்சைத் தோட்டங்களை வேரோடு தின்ற ஃபிலாக்ஸெராப் பூச்சியை நினைத்துக்கொள்ளுங்கள். நம் ஊர்களிலும் ஏரி தூர்ந்த பின்னும் ஏரிக்கரைத் தெரு என்ற பெயர் நிற்கிறது அல்லவா, அதேபோல் அங்கும் மண் மாறிய பின்னும் பெயர் மாறுவதில்லை.

பதிவேடுகளைப் படித்தல்

1539ஆம் ஆண்டு வில்லேர்-கொத்தரே என்ற இடத்தில் முதலாம் பிரான்சுவா மன்னர் பிறப்பித்த ஆணை, பங்குக் குருமார் ஞானஸ்நானங்களைப் பதிவு செய்ய வேண்டும் என்றது. 1667ஆம் ஆண்டு ஆணை, பதிவேடு இரண்டு படிகளாக எழுதப்பட வேண்டும் என்றது. 1792 செப்டம்பர் 20ஆம் நாள் சட்டம் இப்பணியைத் திருச்சபையிடமிருந்து எடுத்துக் கொம்யூனிடம் ஒப்படைத்தது. அன்றிலிருந்து பிறப்பு, திருமணம், இறப்பு மூன்றையும் பதிவது மேயரின் கடமை. இரண்டு படிகள் எழுதப்பட்டதால்தான், ஒன்று தீயிலோ போரிலோ அழிந்தாலும் மற்றொன்று பெரும்பாலும் தப்பியிருக்கிறது.

தேடுவதற்கு எளிய வழி, பத்தாண்டுக்கு ஒருமுறை தயாரிக்கப்படும் அகரவரிசை அட்டவணையிலிருந்து தொடங்குவதுதான். அதில் பெயரையும் நாளையும் கண்டுபிடித்த பிறகே அந்த ஆண்டின் பதிவேட்டைத் திறக்க வேண்டும். பிறப்பு, திருமணப் பதிவுகளை எவரும் பார்க்க 75 ஆண்டுகள் கழிய வேண்டும்; இறப்புப் பதிவுகளுக்கு அந்தக் காத்திருப்பு இல்லை. எனவே குடும்ப வரலாறு தேடுகிறவர்கள் தாத்தாவின் பிறப்பை விட்டு அவருடைய இறப்பிலிருந்து தொடங்கிப் பின்னோக்கிச் செல்வது நல்லது. பெண்கள் பதிவேட்டில் வாழ்நாள் முழுவதும் பிறந்த குடும்பத்தின் பெயரிலேயே இருப்பார்கள் என்பதையும் மறக்க வேண்டாம். கணவர் பெயரில் தேடி நாள்களை வீணாக்கியவர்கள் பலர். 1793 முதல் 1805 முடிய உள்ள பக்கங்களில் புரட்சிக் காலத்துக் குடியரசு நாட்காட்டி வரும். பிரிமேர், நிவோஸ், பிரேரியால் என்ற மாதப் பெயர்களைக் கண்டு திகைக்க வேண்டியதில்லை, அவற்றை மாற்றித் தரும் அட்டவணைகள் எளிதில் கிடைக்கின்றன.

ஒரு பிறப்புப் பதிவை அருகில் வைத்துப் பாருங்கள். ஆண்டும் மாதமும் நாளும் எழுத்தால் எழுதப்பட்டிருக்கும்; காலையோ மாலையோ எத்தனை மணி என்பதும் இருக்கும். எம் முன் வந்தவர் இன்னார், வயது இத்தனை, தொழில் உழவு, இன்ன குக்கிராமத்தில் வசிப்பவர், பிறந்த குழந்தையை எமக்குக் காட்டினார் என்று வாசகம் போகும். குழந்தையைத் துணியில் சுற்றி, பனிக்காலத்திலும் சேற்றுப் பாதையில் மேயரிடம் தூக்கிக்கொண்டு வந்த ஒரு தந்தை அந்த ஒரு சொல்லில் நிற்கிறார். இரண்டு சாட்சிகளின் பெயருக்குப் பின், கையொப்பமிடத் தெரியாது என்று தந்தை அறிவித்தார் என்ற வரி 19ஆம் நூற்றாண்டுப் பக்கங்களில் அடிக்கடி வரும். அந்த வரி எந்த ஆண்டிலிருந்து குறைகிறது, முதல் கோணல் கையெழுத்து எப்போது தோன்றுகிறது என்று பார்த்துக்கொண்டே வந்தால், அந்த ஊருக்குப் பள்ளிக்கூடம் வந்த கதையை வேறு நூல் இல்லாமலே அறியலாம். ஒவ்வொரு கொம்யூனும் ஆண்பிள்ளைகளுக்கு ஒரு பள்ளி நடத்த வேண்டும் என்று 1833ஆம் ஆண்டு சட்டம் சொன்னது. தொடக்கக் கல்வி 1881-இல் இலவசமாகவும் 1882-இல் கட்டாயமாகவும் ஆனது.

புதுச்சேரி, காரைக்கால் குடும்பங்களுக்கு இந்தப் பயிற்சி வேறு வகையிலும் உதவும். அப்பகுதிகளின் பழைய பிரெஞ்சுப் பதிவேடுகளின் படிகள் ஏக்சு-ஆன்-புரோவான்ஸ் நகரில் உள்ள கடல்கடந்த பகுதிகளின் தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. வாசக அமைப்பு ஏறக்குறைய ஒன்றே. கொரேஸ் உழவரின் பதிவைப் படிக்கப் பழகிய கண்ணுக்கு அவையும் வசப்படும்.

ஊரின் தொடக்கப்பள்ளி ஆசிரியர் எழுதிய ஊர் வரலாறு கிடைக்கிறதா என்றும் மாவட்டக் காப்பகத்தில் கேட்டுப் பாருங்கள். 1889ஆம் ஆண்டு பாரிஸ் உலகக் கண்காட்சியையொட்டியும் அதன் முன்பின் ஆண்டுகளிலும், பல மாவட்டங்களில் ஆசிரியர்கள் தங்கள் கொம்யூனின் மண், நீர், பயிர், பேச்சு, வழக்கம் ஆகியவற்றை ஏட்டில் எழுதிக் கொடுத்தார்கள். எல்லா ஊருக்கும் அது இருக்காது. இருந்தால் அதைவிட நல்ல வழித்துணை கிடையாது.

ஊரில் இறங்கியதும் முதலில் மேரி

ஊராட்சி அலுவலகத்தை மேரி என்பார்கள்; புதுச்சேரிக் கடற்கரையில் நிற்கும் மேரி கட்டடத்தின் பெயரும் இதே சொல்தான். சிற்றூர்களில் அது வாரத்தில் சில அரை நாள்கள் மட்டுமே திறந்திருக்கும். நேரத்தை முன்கூட்டியே பார்த்துக்கொண்டு போங்கள். இது தெரியாமல் ஒருமுறை மூடிய கதவின் முன் நின்று, அடுத்த திறப்புக்கு மூன்று நாள்கள் காத்திருக்க நேர்ந்தது எனக்கு. பல ஊர்களில் மேரியும் பள்ளியும் ஒரே கட்டடமாக இருக்கும்: நடுவில் அலுவலகம், ஒரு பக்கம் ஆண்பிள்ளைகளின் வகுப்பறை, மறுபக்கம் பெண்பிள்ளைகளுடையது. கதவுகளின் மேல் அந்தப் பழைய எழுத்துகள் பல இடங்களில் இன்னும் அழியவில்லை.

உள்ளே நுழைந்ததும் போன்ஜூர் சொல்லுங்கள். இதை எவ்வளவு வலியுறுத்தினாலும் தகும். பிரெஞ்சுச் சிற்றூரில் கேள்வி கேட்பதற்கு முன் வணக்கம் சொல்லாதவர் மரியாதை அறியாதவர் என்றே கொள்ளப்படுவார். கடையிலும், தெருவில் எதிர்ப்படும் முதியவரிடமும், ரொட்டிக்கடை வரிசையில் நிற்பவர்கள் அனைவரிடமும் இதே முறைதான். மேஜைக்கு அப்பால் இருப்பவர் மேரியின் செயலாளர். பிறப்பைப் பதிவதிலிருந்து வரவுசெலவு தயாரிப்பது வரை ஊரின் எல்லாத் தாள்களும் அவர் கையால்தான் நகரும். மேயர்கள் ஆறு ஆண்டுக்கு ஒருமுறை மாறலாம். செயலாளர் அதற்கும் மேலாக ஊரின் நினைவைத் தாங்குகிறவர். அவருடைய நேரம் குறுகியது என்பதால், கேட்க வேண்டியவற்றைத் தாளில் எழுதிக்கொண்டு போவது உங்களுக்கும் அவருக்கும் நல்லது.

அலுவலகத்தின் வெளியே கண்ணாடியிட்ட அறிவிப்புப் பலகை இருக்கும். அதை முழுவதும் படியுங்கள். மன்றக் கூட்டத்தின் நிகழ்ச்சிநிரல், வேட்டைக் காலம் தொடங்கும் நாள், தண்ணீரின் தர அறிக்கை, வீட்டைப் பெரிதாக்க ஒருவர் கேட்ட அனுமதி, ஒரு திருமண அறிவிப்பு ஆகியவை அங்கே ஒன்றன்பின் ஒன்றாக ஒட்டப்பட்டிருக்கும். 1884 ஏப்ரல் 5ஆம் நாள் சட்டத்திலிருந்து ஊர்மன்றக் கூட்டங்கள் எவரும் வந்து அமரக்கூடியவை. தீர்மானங்களையும் கணக்கையும் கேட்டுப் படிக்கும் உரிமையும் எவருக்கும் உண்டு, அந்த ஊரில் வாக்குரிமை இல்லாதவருக்கும்தான். கூட்டம் மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது நடக்க வேண்டும். 100 பேருக்கும் குறைவான ஊருக்கு 7 உறுப்பினர்கள், 100 முதல் 499 பேர் வரை 11 பேர், 500 முதல் 1,499 வரை 15 பேர் என்பது அளவு. ஒரு முறை போய்ப் பின்வரிசையில் அமருங்கள். பேசக் கூடாது, கேட்கலாம். தேவாலயக் கூரையில் ஒழுகும் நீருக்கும், பள்ளிப் பிள்ளைகளின் மதிய உணவுக்கும், மூன்று குடும்பங்கள் மட்டுமே வாழும் குக்கிராமத்துச் சாலைக்கும் ஒரே சிறிய பணத்தை எப்படிப் பங்கிடுவது என்று அவர்கள் வாதாடுவதைக் கேட்ட பிறகு, நாளை நீங்கள் காணப்போகும் கற்கள் வேறு விதமாகத் தெரியும்.

இனிக் கற்கள்

தேவாலயத்திலிருந்து தொடங்கலாம். 1905ஆம் ஆண்டில் திருச்சபையையும் அரசையும் பிரித்த சட்டத்துக்குப் பிறகு, அதற்கு முன் கட்டப்பட்ட பங்குக் கோவில்கள் கொம்யூனின் உடைமையாயின. அல்சாஸ், மொசெல் பகுதிகள் மட்டும் இதற்கு விலக்கு. வழிபாடு குருவுடையது, கூரையின் செலவு ஊருடையது. இந்த ஒரு செய்தியை அறிந்தால், மன்றக் கூட்டத்தில் ஓடுகளைப் பற்றி ஏன் அவ்வளவு பேசினார்கள் என்பது விளங்கும். கதவு பூட்டியிருந்தால் சாவி யாரிடம் இருக்கிறது என்று மேரியிலோ அருகிலுள்ள கடையிலோ கேளுங்கள்.

கொலோன்ஜில் உள்ள புனித பேதுரு கோவில் 11, 12ஆம் நூற்றாண்டுகளைச் சேர்ந்தது. ஊர் முழுவதும் சிவந்திருக்க, அதன் வாயிலின் மேல் உள்ள அரைவட்டச் சிற்பம் மட்டும் வெண்மையான சுண்ணாம்புக் கல்லால் ஆனது. இந்த ஊரின் அருகே மெசாக் பிளவு எனப்படும் நிலப்பிளவு செல்கிறது. அதன் ஒரு புறம் செம்மணற்கல், மறுபுறம் வெண்சுண்ணாம்புப் பீடபூமி. சிவந்த சுவரில் வெண்கல் பதித்த சிற்பி, மண்ணுக்கடியில் ஓடும் அந்தக் கோட்டின் இரு பக்கங்களையும் ஒரே வாயிலில் சேர்த்துவிட்டார். விண்ணேறும் கிறிஸ்துவை மேலே வானதூதர்கள் சூழ, கீழே மரியாளும் சீடர்களும் நிற்கிறார்கள். காலை வெயிலிலும் மாலை வெயிலிலும் இருமுறை வந்து பாருங்கள். சுவரின் நிறம் மாறும்போது சிற்பத்தின் வெண்மையும் மாறுகிறது. 16ஆம் நூற்றாண்டின் மதப்போர்களில் கோவில் கோட்டைபோல் அரண் செய்யப்பட்டது. அக்காலத்தில் ஒரே கூரையின் கீழ் ஒரு மண்டபத்தில் கத்தோலிக்கரும் மற்றொன்றில் சீர்திருத்தச் சபையாரும் வழிபட்டார்கள் என்பது ஊர் மரபு.

அடுத்து, கோபுரம் வைத்த வீடுகள். ஐந்நூறு பேர் ஊரில் இத்தனை மாளிகைகள் எப்படி வந்தன என்று கேட்க வேண்டும். விடை, துரேன் சிற்றரசில் இருக்கிறது. அருகே குன்றின் மேல் உள்ள துரேன் கோட்டையின் விஸ்கவுண்ட்கள் மன்னருக்கு வரி கட்டாத தனியாட்சி நடத்தினார்கள். அவர்களுடைய அதிகாரிகள் கோடையில் தங்குவதற்கும் திராட்சைத் தோட்டங்களைப் பார்த்துக்கொள்வதற்கும் இங்கே வீடு கட்டினார்கள். 1583ஆம் ஆண்டைச் சேர்ந்த வாசினியாக் மாளிகை, சிற்றரசின் ஆளுநராக இருந்த கெதியோன் தெ வாசினியாக்கினுடையது. ஒரு கையில் கண்ணாடியும் மறுகையில் சீப்பும் ஏந்திய கடற்கன்னி செதுக்கப்பட்ட வீடும் அதே நூற்றாண்டினது. 1738ஆம் ஆண்டு கடனில் மூழ்கிய விஸ்கவுண்ட் தன் நாட்டை 42 லட்சம் லீவ்ருக்குப் பதினைந்தாம் லூயி மன்னருக்கு விற்றார். சலுகைகள் போயின, வரி வந்தது, அதிகாரிகளுக்கு வேலை இல்லாமல் போயிற்று. மாளிகைகள் மாறாமல் நின்றதற்கு அந்த வறுமையும் ஒரு காரணம் என்றே நான் எண்ணுகிறேன். பணமுள்ள ஊர்கள் பழைய வீடுகளை இடித்துப் புதிதாகக் கட்டிக்கொண்டன.

பழைய சந்தை மண்டபத்தின் மரத் தூண்களுக்கு நடுவே ஊரின் பொது ரொட்டி அடுப்பு இருக்கிறது. புரட்சிக்கு முன் இத்தகைய அடுப்பு பல இடங்களில் பிரபுவின் உரிமையாக இருந்தது. மக்கள் அதில்தான் சுட வேண்டும், கட்டணமும் தர வேண்டும். இன்று கோடையில் ரொட்டி விழாவுக்கு அதை மூட்டுகிறார்கள். கருகிய கல் வளைவின் உள்ளே தலையை நீட்டிப் பார்த்தால் தரைக்கல் நடுவில் தேய்ந்திருப்பது தெரியும். நீண்ட மரத் துடுப்பால் பல தலைமுறைகள் மாவுருண்டைகளை உள்ளே தள்ளியும் வெளியே இழுத்தும் வந்த தேய்மானம் அது.

வேறு ஊர்களுக்குச் செல்கிறவர்கள் லவுவார் எனப்படும் பொதுச் சலவைத்துறையைத் தவறவிடக் கூடாது. காலராவுக்கும் தூய்மைக்குறைவுக்கும் அஞ்சிய அரசு, 1851 பிப்ரவரி 3ஆம் நாள் சட்டத்தால் இவற்றைக் கட்ட 6 லட்சம் பிராங்கு ஒதுக்கியது. ஊற்றுநீர் ஓடும் தொட்டி, அதைச் சுற்றிச் சரிவாக வைத்த கற்கள், மேலே கூரை. முழங்கால் நனையாதிருக்க வைக்கோல் நிரப்பிய மரப்பெட்டியில் மண்டியிட்டு, சாம்பல் நீரில் ஊறிய துணிகளைப் பெண்கள் மரக்கட்டையால் அடித்தார்கள். அந்தச் சரிகல்லின் விளிம்பைக் கையால் தடவிப் பாருங்கள். நம் ஊர்த் துவைகல்லைத் தொட்டவர்களுக்கு அந்த வழவழப்பு உடனே பிடிபடும்.

போர் நினைவுச்சின்னம் இல்லாத கொம்யூன் பிரான்சில் மிக அரிது. ஏறத்தாழ 36,000 சின்னங்களில் பெரும்பாலானவை 1920க்கும் 1925க்கும் இடையில் எழுந்தவை. அங்கே நின்று பெயர்களை எண்ணுங்கள். ஒரே குடும்பப் பெயர் எத்தனை முறை வருகிறது என்று பாருங்கள். பின் அந்த எண்ணிக்கையை ஊரின் அன்றைய மக்கள்தொகையோடு ஒப்பிடுங்கள். 1836 முதல் ஐந்தாண்டுக்கு ஒருமுறை எடுத்த குடிமதிப்பு ஏடுகளும் மாவட்டக் காப்பகத்தில் கிடைக்கின்றன. முதல் உலகப்போரில் இறந்த வீரர் ஒவ்வொருவருக்கும் உரிய அட்டையைப் பாதுகாப்பு அமைச்சகம் இணையத்தில் வைத்திருக்கிறது. பெயரைக் கொடுத்தால் படைப்பிரிவும் இறந்த இடமும் தெரியவரும். பக்கத்து மாவட்டமான கிரூஸில் ஜான்தியூ என்ற ஊரில் 1922ஆம் ஆண்டு எழுந்த சின்னத்தில் படைவீரன் இல்லை. பள்ளி மேலாடை அணிந்த அநாதைச் சிறுவன் ஒருவன், பெயர்ப்பட்டியலை நோக்கி முஷ்டியை உயர்த்தி நிற்கிறான். போர் சபிக்கப்படட்டும் என்ற சொற்கள் அங்கே பொறிக்கப்பட்டிருக்கின்றன. கொரேஸ் வரை செல்கிறவர்கள் அதையும் கண்டுவர வேண்டும்.

நவம்பர் 11ஆம் நாள் காலையில் எந்தச் சிற்றூரில் இருந்தாலும் அந்தச் சின்னத்தின் முன் போய் நில்லுங்கள். மேயர் மூவண்ணப் பட்டை அணிந்து வருவார். பெயர்கள் ஒவ்வொன்றாக வாசிக்கப்படும். பல ஊர்களில் ஒவ்வொரு பெயருக்கும் பின், பிரான்சுக்காக உயிர்நீத்தார் என்று கூட்டம் பதில் சொல்லும். முன்பே பதிவேட்டைப் படித்திருந்தால், அந்தப் பெயர்களில் ஒருவரையேனும் துணியில் சுற்றி மேரிக்குக் கொண்டுவரப்பட்ட குழந்தையாக நீங்கள் அறிந்திருப்பீர்கள்.

காப்பதற்கான விதிகளும் வாழ்வதற்கான இடமும்

வீடு வாங்கவோ பழுதுபார்க்கவோ எண்ணுகிறவர்கள் ஒன்றை முதலிலேயே தெரிந்துகொள்ள வேண்டும். 1913 டிசம்பர் 31ஆம் நாள் சட்டத்தின்படி பாதுகாக்கப்பட்ட சின்னம் ஒன்று இருந்தால், வழக்கமாக அதைச் சுற்றி 500 மீட்டருக்குள் அதனோடு ஒருங்கே தெரியும் கட்டடங்களின் வெளித்தோற்றத்தை மாற்றுவதற்கு அரசின் கட்டடக்கலை அதிகாரியின் ஒப்புதல் வேண்டும். சன்னல் கதவின் வண்ணம், கூரைப் பொருள், சுவர்ப்பூச்சு எல்லாம் இதில் அடங்கும். வேலை தொடங்கிய பின் கேட்பதைவிட, வாங்குவதற்கு முன்பே மேரியில் கேட்பதே வழி. பாதுகாப்புப் பட்டியலில் எது இருக்கிறது என்பதைப் பண்பாட்டு அமைச்சகத்தின் மெரிமே தரவுத்தளத்தில் கொம்யூன் பெயரைக் கொடுத்துப் பார்க்கலாம். பட்டியலில் சேராத ஊற்றுகளும் சிலுவைகளும் அடுப்புகளும் பழுதடைந்தால், 1996ஆம் ஆண்டு சட்டத்தால் உருவான மரபுச்செல்வ அறக்கட்டளை வழியாக நன்கொடை திரட்ட முடியும்.

பிரான்சின் மிக அழகிய சிற்றூர்கள் என்ற சங்கம் பிறந்ததும் கொலோன்ஜின் வழியாகத்தான். அவ்வூர் மேயராக இருந்த ஷார்ல் செராக் மற்ற ஊர் மேயர்களுக்குக் கடிதம் எழுதினார். 1982 மார்ச் 6ஆம் நாள் சலேர் என்ற ஊரில் 66 மேயர்கள் ஒன்றுகூடினார்கள். சேர விரும்பும் ஊரில் 2,000 பேருக்கு மேல் இருக்கக் கூடாது, பாதுகாக்கப்பட்ட இடங்கள் குறைந்தது இரண்டு இருக்க வேண்டும், மன்றமே தீர்மானம் நிறைவேற்றி விண்ணப்பிக்க வேண்டும். அந்தப் பெயர் கற்களைக் காத்தது, கூட்டத்தையும் கொண்டுவந்தது. வெளியூர் வண்டிகளை ஊரின் எல்லையிலுள்ள நிறுத்தத்தில் விட்டுவிட்டு நடந்து செல்லுங்கள், சன்னல் வழியே வீட்டுக்குள் படம் எடுக்காதீர்கள், முடிந்தால் அக்டோபரில் வால்நட் உதிரும் காலத்தில் போங்கள். கோடைக் கடைகள் பல அடைத்திருக்கும், ஆனால் பேசுவதற்கு ஆளும் நேரமும் இருக்கும். விழாக் குழு, வேட்டையர் சங்கம், முதியோர் விருந்து, ஜனவரி மாதத்தில் மேயர் சொல்லும் புத்தாண்டு வாழ்த்து என்று ஊரின் கூட்டு வாழ்க்கை பெரும்பாலும் 1901ஆம் ஆண்டு சட்டத்தின்படி பதிவான சிறு சங்கங்களின் தோளில்தான் நடக்கிறது. அங்கே நாற்காலி எடுத்துப் போட ஆள் எப்போதும் குறைவு. குடியேறியவர் ஊராராக மாறுவதற்கு அதைவிட நேர்வழியை நான் கண்டதில்லை.

நீங்கள் சேகரித்தவற்றை, அதாவது படம் எடுத்த நாள், நிலத்தின் எண், முதியவர் சொன்ன வயற்பெயரின் உச்சரிப்பு ஆகியவற்றைத் தேதியிட்டுத் தெளிவாக எழுதி, பேசியவரின் ஒப்புதலோடு ஒரு படியை மேரியில் செயலாளரிடம் கொடுத்துவிடுங்கள். எந்தப் பிரிவு, எந்தத் தாள், எந்த எண் என்று மேலே குறித்துக் கொடுத்தால், அடுத்து வருகிறவர் அதைத் தேடி எடுக்க எளிதாக இருக்கும்.